பின்வாசலில் பார்த்த பச்சை

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெழல் விழுது.”

பஸீல் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓர் அடி பின்னால் போனார். ஷிப்னா பின்வாசல் படியில் குந்தியிருந்தாள். மடியில் ஒரு தாள். அதில் தபால் முத்திரை அளவில் வரிசை வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். சும்மா பார்த்தால் எல்லாம் ஒரே பச்சைதான். அவள் ஒரு தேயிலைப் பெட்டியின் மூடியைத் தாளின் மேல் வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போனாள்.

ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் பெட்டி அது. அதன் மேல் ஒட்டும் லேபலைப் பஸீலின் கடைதான் அச்சடித்துக் கொடுத்தது. அந்தப் பச்சை தொழிற்சாலைக்கே உரியது. மற்றப் படங்களைப் போல மைகள் கலந்து ஏறத்தாழ வந்தால் போதாது. போன வருஷப் பெட்டியையும் இந்த வருஷப் பெட்டியையும் கடைத்தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. அச்சுக்காரர்கள் அதை ஸ்பொட் கலர் என்பார்கள். கடதாசி மாறினால் அது மாறும், மழைக்காலத்தில் மாறும், மை காய்ந்த பிறகும் கொஞ்சம் மாறும். அதனால் புதிய கடதாசிச் சுருள் வரும்போதெல்லாம் பஸீல் அந்தப் பச்சையை அங்குமிங்கும் சிறிது விலக்கிக் கட்டங்களாக அடித்து, ஓர் இரவு காயவிட்டு, காலையில் வீட்டின் பின்வாசலுக்குக் கொண்டுவருவார்.

பண்டாரவளையில் காலை வெயில் நேரே அடிப்பது குறைவு. மலைப் பக்கத்திலிருந்து பனிமூட்டம் இறங்கி, வெளிச்சத்தை வடிகட்டி, பின்வாசலில் சமமாக விரித்துவிடும். எதுவும் பளபளக்காது.

“கனத்த நான் பாத்திட்டன். எல்லாம் ஒரே கனம்தான். நெறத்த நீங்களும் ஒருக்காப் பாருங்க. கடை லைட்டு சரியில்ல,” என்றார் பஸீல்.

“சரியில்லாத லைட்ட மாத்தினா என்ன?”

“மாத்தோணும்.”

“நான் கலியாணம் முடிச்சி வந்த நாள்லேந்து மாத்துறீங்க.”

அவர் சிரித்துத் தேத்தண்ணியைக் குடித்தார். கனம் என்று அவர் சொன்னது நிறத்தின் அடர்த்தியை. அதில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரே நிறத்தில் இரண்டு தாளை நீட்டினால், மயிரிழை அளவு வெளிறியது எது என்று அவர் உடனே சொல்வார். ஷிப்னாவுக்கு அது பிடிபட்டதே இல்லை.

“மூணாவது வரி, கடைசிக்கு முந்தினது,” என்றாள். “மத்ததெல்லாம் மஞ்ச அடிக்கிது.”

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் குனிந்து அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார். “இதா?” என்று கேட்டார். “அதுதான்,” என்றாள். தாளை மடிக்காமல் பழைய பத்திரிகைக்குள் வைத்துக்கொண்டார். டவுனிலிருந்து என்ன கொண்டுவர என்று கேட்டார். வெங்காயம் மட்டும் என்றாள். இங்லீஷ் வகுப்புக்குப் போகும் மகள் முஷ்ரிபாவை அந்தி மயங்க முன் கூட்டிக்கொண்டு வாங்க, குடையையும் எடுங்க என்றாள். அவர் குடையை எடுத்தார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் அடுத்த கடை றில்வான் அவளுக்குப் போன் எடுத்தான். மதினி, ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வரேலுமா என்று மட்டும் கேட்டான். அவன் குரலில் இருந்த மரியாதையே அவளுக்குப் போதுமாக இருந்தது. மற்ற நாளில் அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

பஸீல் கடையில், தாள் வெட்டும் மேசையின் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாராம். றில்வான் சார்ஜர் வயர் ஒன்று கேட்டு உள்ளே போனவன், தூங்குகிறார் என்று நினைத்து இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான். மிஷின் மட்டும் அடித்துக்கொண்டே இருந்ததாம். அடித்த தாள் தரை வரைக்கும் வந்து, அவருடைய கால்மாட்டில் சுருண்டு கிடந்ததாம்.

மாரடைப்பு என்று எழுதித் தந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் மய்யித்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஆண்கள் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டார்கள். முகத்தைப் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டபோது முஷ்ரிபா உம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பஸீலின் முகம் கொஞ்சம் எதையோ கணக்குப் பார்ப்பது போல இருந்தது. வலது காதின் மேல் பென்சில் வைத்து வைத்து விழுந்த சின்னப் பள்ளத்தைக் கபன் துணி மறைத்திருந்தது. ஷிப்னா அதைத் தேடிப் பார்த்து, பிறகு தேடுவதை விட்டாள்.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கலிமாவின் ஓசை வளைவு திரும்பி இறக்கத்தில் போய், பஸ் சத்தத்தில் அமிழ்ந்தது. வீட்டுக்குள் பெண்கள் மிஞ்சினார்கள். அன்றிலிருந்து ஷிப்னாவுக்கு இத்தா. அது முடியும் வரைக்கும் அவள் வெளியில் இறங்கமாட்டாள், அந்நிய ஆண்களின் முன்னால் வரமாட்டாள்.

அடக்கிவிட்டு வந்த ஆண்கள் முற்றத்தில் போட்டிருந்த கதிரைகளில் இருந்து பேசினார்கள். அவள் இருந்த அறையின் ஜன்னல் முற்றத்துக்குத்தான் திறந்தது. திரை போட்டிருந்தாலும் பேச்சு உள்ளே வந்தது. கோயில் திருவிழா நோட்டீஸ், கலியாணக் கார்ட், தொழிற்சங்க பெனர் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. பஸீலின் கண்.

தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த கஜேந்திரனின் குரல் அவளுக்குத் தெரியும். பெக்கிங் பகுதிக்குப் பொறுப்பானவன். லேபல் எடுக்க வரும்போது ஒன்றிரண்டு தரம் வீட்டுக்கும் வந்திருக்கிறான்.

“ஒரு தடவ கொழும்புல அடிச்சு அனுப்பினாங்க,” என்றான் கஜேந்திரன். “பெட்டியெல்லாம் ஒட்டியாச்சு, லொறியில ஏத்தப் போறோம். சும்மா காட்டலாமேன்னு ஒன்ன பஸீல் மொதலாளிக்கிட்ட கொடுத்தேங்க. வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு மறுநா காலையில வந்து, கஜேந்திரன், இதுல நீலம் கூடிப்போச்சு, அனுப்பாதீங்கன்னாரு. எங்க தொரைக்கே தெரியல. தேயில வாங்குற வெள்ளக்காரன் கம்பனிக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டா, ஆமா பெழதான்னு சொல்லிட்டான். அந்தக் கண்ணு மாதிரி ஒரு கண்ண இந்த ஊவா மாகாணத்துல நான் பாக்கலீங்க.”

“பார்வை அல்லாஹ் குடுத்தது,” என்றார் யாரோ வயதானவர்.

பக்கத்தில் இருந்த பெண்கள் ஷிப்னாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலும். அந்தப் பெட்டி அவளுக்கு ஞாபகம் இருந்தது. மழைக்கால முடிவு. பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் பஸீல் பழையதையும் புதியதையும் நீட்டினார். அவள் கை நனைந்திருந்ததால் வாங்காமலே பார்த்து, இதுல நீலம் கூட என்று சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள். அவ்வளவுதான்.

கலியாணமான புதிதில் ஒரு நாள். பஸீல் அவள் உடுத்திருந்த சல்வாரைப் பார்த்து, இந்த மண் கலர் ஒங்களுக்கு நல்லா ஈக்கி என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அது கிளிப்பச்சை. சிரிப்போடு அவர் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப் போகும் பிள்ளையின் முகம் அது. சிரிப்பை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி ஊத்தவா என்று கேட்டாள். அதற்குப் பிறகு சந்தையில் அவர் தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதையும், கொச்சி மிளகாயை வேறு யாராவது பொறுக்கட்டும் என்று விட்டுவிடுவதையும் கவனித்தாள். சிவப்பும் பச்சையும் மண் நிறமும் அவருக்குள் எங்கேயோ ஒன்றாகக் கலந்து கிடந்தன.

அவருடைய வாப்பா காலத்து அச்சகத்தில் கறுப்பு மையும் கலியாணக் கார்ட்டுக்குப் பொன் மையும்தான். அதில் ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. பெரிய மிஷின் வந்து, கம்பனிகளின் நிறம் தேடி ஆட்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அவர் தாள்களைப் பத்திரிகையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றும் வாங்கினார். அதை மாதிரியின் மேல் வைத்து அழுத்தினால் எண் காட்டும். அந்த எண்களை வைத்து அவர் பச்சைக்கு மிகவும் கிட்டப் போய்விடுவார். மிஞ்சும் அந்தக் கொஞ்ச தூரத்தை யாராவது கண்ணால்தான் கடக்கவேண்டும். கடை லைட்டு சரியில்ல என்று அவர் முதன்முதலாகச் சொன்னபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. கை துடைத்துக்கொண்டு வந்து படியில் இருந்தாள்.

அதற்கு மேல் அவர்களுக்குள் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டதும் இல்லை.

மறுநாள் காலையில் பஸீலின் தம்பி ஸாஹிர் கடையைத் திறந்தான். அவனுக்குப் பதுளையில் டைல்ஸ் கடை. மிஷினைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். தொழிற்சாலைக்கு அந்த வாரம் லேபல் வேண்டும். தன் நானா கையேற்ற கடைசி வேலை நிற்கக்கூடாது என்று, கஜேந்திரன் கேட்க முன்னமே அவனாகப் போனான்.

பகல் சாப்பாட்டுக்கு முன்னமே திரும்பி வந்தான். அறை வாசலுக்கு வெளியே, திரைக்கு அந்தப் பக்கம் நின்று மதினி என்று கூப்பிட்டான். அவன் மனைவி பர்ஸானா உள்ளே ஷிப்னாவோடு இருந்தாள். திரைக்குக் கீழால் ஒரு கட்டு உள்ளே வந்தது. பர்ஸானா அதை எடுத்து ஷிப்னாவின் முன்னால் பாயில் வைத்தாள்.

வெட்டி அடுக்கிக் கட்டிய லேபல்கள். சணல் நூல் முடிச்சு பஸீலின் முடிச்சு. இரண்டு தரம் சுற்றி, நுனியை உள்ளே சொருகுவார். மேலே இருந்த லேபல் அவளுக்குத் தெரிந்த அதே பச்சை. ஷிப்னா கட்டின் ஓரத்தைப் பெருவிரலால் வருடி விரித்தாள். பச்சை கீழே போகப் போகச் சோர்ந்துகொண்டு வந்தது. நடுவில் அது காய்ந்த கொழுந்தின் நிறம். அடியில் அரைத்துப் புளிக்க வைத்த தேயிலையின் செம்பழுப்பு.

“நீல மை ஊத்துற பக்கம் அடைபட்டுப் பெய்த்தீக்கி,” என்றான் ஸாஹிர் வெளியே. “அது மிஷின்ல நடக்கிறதுதான். க்ளீன் பண்ணிட்டன், இப்ப சரி. ஆனா மதினி, இது அவர் கீழ விழுந்த பொறகு அடிச்சதில்ல. வெட்டி, எண்ணி, கட்டி வச்சீக்கார். இப்பிடி இன்னும் ரெண்டு கட்டு ஈக்கி. அதுல ஒரு பச்சையும் இல்ல.”

திரைக்கு அந்தப் பக்கம் அவன் கால் மாற்றி நின்றான்.

“நானாட கண்ணுக்கு இது எப்பிடிப் படாமப் போன? சின்னப் புள்ளைக்கும் தெரியுமே.”

ஷிப்னா கட்டின் மேல் கையை வைத்தாள். முற்றத்தில் யாரோ கதிரைகளை மடித்து அடுக்கும் சத்தம் கேட்டது. பஸீல் அந்த மேசையின் முன் நின்று, மிஷினிலிருந்து வருவதை ஒவ்வொரு நீளமாக வெட்டி, விளிம்பைத் தட்டி நேராக்கி, திருப்தியோடு நூலைச் சுற்றியிருப்பார். கனம் சரியாக இருந்திருக்கும். அவருக்குத் தெரிந்த வரையில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

ஸாஹிர் இன்னும் வாசலில்தான் நின்றான். இத்தனை வருஷம் ஒரு மனிதன் கட்டிக் காத்தது இந்த மூன்று கட்டுகளில் அவிழ்ந்து கிடந்தது. அவள் ஏதாவது சொல்லவேண்டும். அவள் வாயைத் திறந்தால் பொய் வரவேண்டும், இல்லாவிட்டால் உண்மை வரவேண்டும்.

பர்ஸானாதான் பேசினாள். “நெஞ்சு வலி வரக்குள்ள கண்ணு இருட்டுமாம்,” என்றாள் மெல்ல. “எங்கட மாமாக்கும் அப்பிடித்தான். கோப்பை எங்கண்டு தெரியாமத் தடவினாராம்.”

வெளியே ஸாஹிர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “கண்ணு தெரியாமத்தான் இவ்வளவையும் கட்டியீக்கார்,” என்றான். “நேரத்துக்குக் குடுக்கோணும் எண்டு. யா அல்லாஹ். ஒரு போன் எடுத்தீந்தா நான் ஓடி வந்தீப்பேனே.”

பர்ஸானா அழுதாள். ஷிப்னாவும் அழுதாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஸாஹிர் பச்சையாக இருந்தவற்றைத் தெரிந்தெடுத்து, மிச்சத்தைப் புதிதாக அடித்து, அடுத்த நாளே தொழிற்சாலைக்குக் கொடுத்தான். கஜேந்திரன் வந்து வாங்கிக்கொண்டு போனான். பழுப்பானதில் ஒன்றைத் தனக்கென்று கேட்டு வாங்கினானாம். அடித்து முடிக்கும் வரைக்கும் மனுஷன் உசிரைப் பிடிச்சிட்டு நின்றிருக்காரு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தானாம்.

கதை ஊருக்குள் இறங்கியது. மய்யித்து வீட்டுக்கு வந்துபோன ஒவ்வொருவரும் அதைக் கொஞ்சம் கூட்டினார்கள். இருட்டிக்கொண்டு வரும் கண்ணோடு பஸீல் தடவித் தடவி வெட்டினார். நூல் முடிச்சைக் கைப்பழக்கத்தில் போட்டார். கடைசிக் கட்டை முடித்த பிறகுதான் உட்கார்ந்தார். பெண்கள் அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார்கள். ஷிப்னா சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டினாள். அது நல்ல கதையாகத்தான் இருந்தது. அவர் பெயருக்கு ஒரு குறையும் இல்லை. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், அஸர் தொழுதுவிட்டு அவள் நடு அறைக்கு வந்தபோது, முஷ்ரிபா அறைகளுக்கு இடையிலான ஓடையில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில். மற்றக் கை முன்னால் நீட்டியிருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. அலுமாரியின் மூலையில் தோள் இடித்தது. நின்று, விரல்களால் மூலையைத் தடவிப் பார்த்து, மறுபடி நடந்தாள்.

“மகள்.”

முஷ்ரிபா கண்ணைத் திறந்தாள். பதினோராம் ஆண்டு முடித்து அந்த வருஷம் சாதாரணதரப் பரீட்சை எழுதவிருந்தவள். வீட்டில் எல்லோரும் அழுதபோது தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நன்றாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

“என்ன செய்யிற?”

“ஒண்டுமில்ல.” சுவரைப் பார்த்தபடி சொன்னாள். “வாப்பாக்கு எப்பிடி ஈந்தீக்கும் எண்டு பாத்தன்.”

ஷிப்னா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“நான் கண்ண மூடிக்கொண்டாலும் தொறக்கேலும் எண்டு தெரியும். வாப்பாக்குத் தெரியாதுதானே,” என்றாள் முஷ்ரிபா. “தனிய. மிஷின் சத்தம் மட்டும். ஒண்டும் தெரியல்ல எண்டா எவ்வளவு பயந்தீப்பார் உம்மா. நான் ஸ்கூல்ல ஈந்தன். அந்த நேரம் எங்களுக்கு இன்டர்வல். நான் சிரிச்சிக்கொண்டீந்தன்.”

அவள் கை இன்னும் சுவரிலேயே இருந்தது.

ஷிப்னா மகளைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே அந்த நேரத்தில் யாரும் இருக்கவில்லை. சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் அயலவர்கள் கொண்டுவந்ததால் அடுப்படியில் ஒருவருக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் பலகைகளில் இருந்தார்கள். பின்வாசல் சாத்தியிருந்தது. ஷிப்னா எழுந்து போய் அதைக் கொஞ்சம் திறந்துவிட்டு வந்தாள். பிறகு அதை ஏன் செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியில் எவ்வளவு பெரிய பெயர் அவருக்கு. மய்யித்தைத் தூக்கிய கைகள் எல்லாம் அந்தப் பெயரையும் தூக்கிக்கொண்டு போயிருக்கின்றன. அவர் அவளிடமே சொல்லாதது. அவளும் கேட்காமலே வைத்திருந்தது. அதை அவருடைய மகளிடம், அவரை அடக்கி மூன்று நாள் முடியுமுன்னே எப்படிச் சொல்வது?

முஷ்ரிபா தன் தோளைத் தடவினாள். அலுமாரி இடித்த இடம்.

“வாப்பாக்குக் கண்ணு இருட்டல்ல, மகள்,” என்றாள் ஷிப்னா.

“எல்லாரும் சொல்றாங்களே.”

“அவங்களுக்குத் தெரியாது.”

“அப்ப ஏன் அந்த லேபலக் கட்டினார்?”

ஷிப்னா கைகளை மடியில் வைத்தாள். “வாப்பா எல்லா நாளும் பாத்த மாதிரித்தான் அண்டைக்கும் பாத்தார்,” என்றாள். “அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சீக்காது. நல்லா வந்தீக்கி எண்டுதான் கட்டியீப்பார். பயந்தீக்க மாட்டார்.”

முஷ்ரிபா உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணில் கேள்வி வந்து, நின்று, மெல்ல எங்கேயோ பின்னால் போனது. எத்தனையோ வருஷங்களுக்குப் பின்னால்.

“நான் மூணாம் ஆண்டு படிக்கக்குள்ள ஸ்கூல்ல ஹவுஸ் ஹவுஸா ஸ்போர்ட்ஸ் மீட்,” என்றாள். “நான் பச்சை ஹவுஸ். ஓட்டத்துல நான் கடைசி. வாப்பா எழும்பி நிண்டு கை தட்டினார். கத்தினார். முன்னுக்கு ஓடின புள்ளைக்கு. அது செகப்பு ஹவுஸ்.”

“ஓ.”

“நான் ஒரு கெழமை வாப்பாவோட பேசல்ல.”

“ஓ. எனக்கு நெனவீக்கி.”

“ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். ஏன் கோவம் எண்டு கேக்கவே இல்ல.”

முஷ்ரிபாவின் வாய்க் கோடியில் ஏதோ அசைந்தது. அது சிரிப்பாக வரப்பார்த்து, பாதியில் உடைந்து, அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மூன்று நாளாக வராதது வந்தது. ஷிப்னா அவளுடைய முதுகில் கையை வைத்து, அது ஓயும் வரைக்கும் இருந்தாள். நடு அறையிலிருந்து பர்ஸானா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“வாப்பாக்குத் தெரியுமா?” என்று முஷ்ரிபா தலையைத் தூக்காமலே கேட்டாள். “ஒங்களுக்குத் தெரியும் எண்டு?”

“நான் கேக்கல்ல,” என்றாள் ஷிப்னா.

“அவரும் சொல்லல்லயா?”

“இல்ல.”

முஷ்ரிபா முகத்தை ஷோலால் துடைத்தாள். பிறகு, “அப்ப சரி,” என்றாள்.

அந்தி நேர மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஓதுவதற்காக ஆட்கள் நேரத்தோடேயே வரத் தொடங்கியிருந்தார்கள். முற்றத்தில் ஸாஹிர் பாய் விரிக்கும் சத்தம். பெரகலயிலிருந்து யாரோ புதிதாக வந்திருந்தார் போலும். அவருக்காக றில்வான் முதலிலிருந்து சொன்னான். கண் இருட்டியது, தடவித் தடவி வெட்டியது, முடிச்சுப் போட்டது. புதியவர் நாக்கைத் தட்டினார். எங்க ஊர்லயும் சொல்லுவாங்க, கலர் எண்டா பஸீல் மொதலாளிதான் என்றார். அப்பிடி ஒரு கண்ணு இனி எங்க என்றான் றில்வான்.

முஷ்ரிபா கேட்டுக்கொண்டிருந்தாள். உம்மாவைப் பார்க்கவில்லை. எழுந்து போய் அடுப்படி ஜன்னல் கதவைச் சாத்தவும் இல்லை. முடிந்ததும், தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். கைக்கு எட்டாத ஒன்றை எடுக்க நிமிர்ந்தவளின் நெற்றியில் கொடியில் தொங்கிய துணி பட்டது.

அடுப்புக்கு நேர் மேலே கட்டிய கொடி அது. மழைக்காலத்தில் துணி அங்கேதான் காயும். பஸீலின் வெள்ளைச் சட்டை ஒன்று, அவர் மௌத்தான அன்று விடிய ஷிப்னா கழுவிப் போட்டது, தோள் இரண்டையும் விரித்தபடி தொங்கியது. மௌத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. முஷ்ரிபா அதன் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள், பிறகு கழுத்துப் பட்டியை.

“இன்னும் காயல்ல, உம்மா.”

ஷிப்னாவும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது.